முதல் பந்தியில் ஓர் இலை

கூத்தன்மலைக் காட்டில் ஒரு பெரிய குளம். அதன் கரையில், தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள முடியாத வயதான மிருகங்களுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. யானை ராஜா அதை நடத்தும் பொறுப்பை நயம்பேசி என்ற நரியிடம் ஒப்படைத்திருந்தார்.

காப்பகத்தில் வேலைக்கு ஆளே நிற்கவில்லை. படுத்துக் கிடப்பவர்களைப் புரட்டிப் போட வேண்டும். புண்ணைக் கழுவ வேண்டும். சாணம் அள்ள வேண்டும். ஊட்டிவிட வேண்டும். இத்தனைக்கும் கூலி, ராஜாவின் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சுகிற மிச்சம் மீதிதான்!

மயில் வந்தது. "ஐயோ, என் தோகை!" என்று மதியத்துக்குள் பறந்துவிட்டது. முள்ளம்பன்றி ஆசையாகத்தான் வந்தது. அதை யாரும் கிட்டவே சேர்க்கவில்லை. கீரி நன்றாக வேலை செய்தது. ஆனாலும் ஒருநாள், கூட வேலை செய்த பூவாத்தாள் என்ற மந்தியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடைபெற்றது.

"வேலை பிடித்திருக்கிறது அக்கா. ஆனால் இந்த மிச்சத்தில் என் குட்டிகள் வளருமா? பலாத்தோப்புக் காவலுக்குப் போகிறேன். அங்கே முதல் பந்தியிலேயே சாப்பாடு!"

கடைசியில் பூவாத்தாள் ஒருத்திதான் நின்றாள்.

'கூலியைக் கூட்டினால் நம் இலையில் குறையுமே!' என்று நரி யோசித்தான். காட்டுப் பூக்களால் ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்தான்.

"பூவாத்தா! இன்று முதல் உனக்குக் 'கருணைக் கடல்' என்று பட்டம்!"

அவள் கழுத்தை நீட்டவில்லை. "பட்டம் வேண்டாம். காவல்காரர்கள் சாப்பிடுகிற பந்தியில் எங்களுக்கும் இலை போடுங்கள். அப்போதுதான் ஆள் வரும்."

"காவலும் இதுவும் ஒன்றா? இது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை!"

"அப்படியானால் ஏன் யாருமே வரவில்லை?"

நரி மெல்லச் சிரித்தான். "நீயும் போய்விடுவாயா? போனால் கட்டாரியை யார் புரட்டுவது? நீ போக மாட்டாய். உன் மனசு எனக்குத் தெரியும்!"

அது உண்மைதான். அதனால்தான் அந்தச் சிரிப்பு அவளைக் கன்னத்தில் அறைந்ததுபோல வலித்தது.

கட்டாரி ஒரு கிழக் காட்டெருமை. முன்பு காட்டுத்தீ பரவியபோது ஊர்ப்பட்ட குட்டிகளை ஆற்றுக்கு அக்கரை சேர்த்தவர். இப்போது அவருடைய பின்கால்களில் பலம் இல்லை. படுத்தபடியே இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைக் காட்டியா உன்னை மடக்குகிறான்? என்னை எழுப்பு அம்மிணி. ராஜாவிடம் போவோம்!"

"விழுந்துவிடுவீர்கள் ஐயா!"

"விழுந்தால் நீ தூக்குவாய். தினமும் அதைத்தானே செய்கிறாய்?"

பூவாத்தாள் தோள் கொடுத்தாள். கட்டாரி முக்கி முனகி எழுந்தார். வழியில் விழுந்தார். மறுபடியும் எழுந்தார். கண் தெரியாத கரடியும் பல் போன செந்நாயும் பின்னாலேயே தடுமாறி நடந்தன.

ராஜாவின் பந்தி நடந்துகொண்டிருந்தது. நரி துள்ளி எழுந்தான்.

"ராஜா! நோயாளிகளை வெயிலில் இழுத்துக்கொண்டு வருகிறாள், பாருங்கள்!"

"நானாகத்தான் வந்தேன்!" என்றார் கட்டாரி, மூச்சு வாங்க. "ராஜா, பலாத்தோப்பைக் காக்கிறவர்களுக்கு முதல் பந்தி. எங்களைக் காக்கிறவளுக்கு மிச்சம். ஒரு பலாப்பழத்துக்கு இருக்கிற மதிப்புகூட எங்களுக்கு இல்லையா?"

ராஜாவின் துதிக்கை தாழ்ந்தது.

"நீ என்ன கேட்கிறாய் பூவாத்தா?"

"நான் கெஞ்ச வரவில்லை ராஜா. என் வேலை இந்தக் காட்டில் எந்த வேலைக்கும் குறைந்தது இல்லை. அதற்கு உரியதைக் கேட்கிறேன். இனி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்."

"இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்தது என் குற்றம்" என்றார் ராஜா. "இனிமேல் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் பந்தி. ஆள் சேர்ப்பதும் உன் பொறுப்பு. நயம்பேசி உன்னிடம் வேலை கற்றுக்கொள்ளட்டும்!"

மறுநாள் காலை குளக்கரையில் நீண்ட வரிசை! முன்னால் கீரி, குட்டிகளோடு நின்றது. வந்தவர்களையெல்லாம் பூவாத்தாள் சேர்த்துக்கொள்ளவில்லை. முகம் சுளிக்காதவர்களைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள்.

நரி சாணம் அள்ளினான். கொஞ்ச நேரத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அம்மாடி! இதை எப்படித் தினமும் செய்கிறாய்?"

"நன்றாகவே செய்கிறேன்" என்றாள் பூவாத்தாள்.

அன்று மதியம் அவள் நிமிர்ந்து நடந்து போய் ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இலையில் கை வைக்குமுன் குளக்கரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கீரி, கட்டாரிக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தது.

பிறரைப் பேணும் வேலைக்குப் புகழ்ச்சி மட்டும் கொடுத்தால் ஆள் நிற்காது. உரிய கூலியும் மரியாதையும் சேர்ந்தால்தான் நிற்கும்.