டேப் ஒட்டிய ஜன்னல்

வேலூரில் கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், தணிகைவேல் தன் குருவிடம் கோபமாக வந்தார். வயதில் இவர்தான் மூத்தவர். ஆனால் பாதி வாழ்நாள் ஏசி வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் இன்ஜினியர் சபீனாவிடம் கூலர் வேலை கற்றுக்கொள்கிறார்.

"மேடம், என் கூலர்ல ஒரு குறையும் இல்ல. ஆளுங்கதான் சரியில்ல. புத்தி இல்லாதவங்களை எப்படிக் குளிர வைக்கறது?"

"இன்னா ஆச்சு?"

முந்தின நாள் ஓர் ஆபீஸின் மொட்டைமாடியில் அவர் கூலர் வைத்திருந்தார். ஈர அட்டை வழியாக வெளிக்காற்றை இழுத்து அறைக்குள் தள்ளும் பெரிய கூலர். குளிர்ச்சி வீணாகக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தி டேப் ஒட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காகிதமெல்லாம் நமத்துப் போனது. போன் எடுக்கும் வேலையில் இருந்த ஜெசிந்தா தாங்காமல் எழுந்து, டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள்.

தணிகைவேல் மேனேஜரிடம் புகார் சொன்னார். அன்று சாயங்காலத்தோடு அவளுக்கு வேலை போய்விட்டது.

சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. புகார் சொல்ல ஓடிய மனுஷன், அந்த ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கக் கூடாதா?

சபீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கத்தவில்லை.

"ஈரக்காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கு. எந்த வழியா வெளிய போகும்?"

"எதுக்குப் போகணும்? குளிர்ச்சியை யாராவது வெளிய விடுவாங்களா? ஏசி ரூம்ல விடுறோமா?"

"உக்காருங்க. மூச்சை உள்ள இழுங்க."

இழுத்தார்.

"விடாதீங்க. இன்னும் இழுங்க."

நெஞ்சு விம்மியது.

"இன்னும்."

கழுத்து நரம்பு புடைத்தது. கையை ஆட்டி முடியாது என்றார்.

"விடக் கூடாது. இழுங்க!"

புஸ்ஸென்று விட்டுவிட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு இரைத்தார்.

"என்ன மேடம் இது! உள்ள இருக்கறதை விடாம மேல மேல எப்படி இழுக்கறது? மனுஷன் செத்துட மாட்டானா?"

சபீனா தன் போனை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"இதை அப்படியே அந்த மேனேஜர்கிட்ட சொல்லுங்க. இப்பவே. இல்லேன்னா, மூச்சு விட்டதுக்காக உங்களையும் நான் வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும்."