பந்தல் வாசலில் நின்ற வாழை

ஒரு ஊரில் ஒரு வாழை நின்றது. நின்றது என்ன, கிடந்தது. குலை வெட்ட இன்னும் இருபதே நாள். அதற்குள் ஒரு காற்று வந்து சுடலைவடிவின் ஐந்நூறு வாழையையும் படுக்க வைத்துவிட்டுப் போயிற்று.

சேதத்தைப் பார்த்து எழுத மாவட்டத்திலிருந்து அதிகாரி வருவதாகச் சேதி வந்தது. அவர் எழுதினால்தான் நிவாரணம். நிவாரணம் வந்தால்தான் அவள் மறுபடி கன்று வைக்க முடியும்.

"யக்கா, பெரிய ஆபீசர் வாராரு. அவருக்குப் பந்தல் போட்டாச்சு, வாசல் மொட்டையா இருக்கலாமா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர் இசக்கிதுரை.

"அதெப்படி? ஊருக்கே கேவலம்லா," என்றாள் சுடலைவடிவு. விழுந்ததில் நல்ல குலையாக இரண்டு மரத்தைத் தூக்கி வந்து, வாசலில் கம்பு நட்டு இறுக்கிக் கட்டினாள். நம்மாட்கள் அப்படித்தான். வருகிறவர் எதற்கு வந்தாலும் வாழை கட்டிவிடுவார்கள்.

அதிகாரி வந்தார். தோட்டத்தில் முழங்கால் சேறு. பந்தலிலேயே உட்கார்ந்து இளநீர் குடித்தார். அவர் மடியிலிருந்த பதிவேடு, வாசலில் நின்ற வாழையைப் பார்த்தது.

"இந்த மாவட்டத்தின் செல்வமே நீதான். வருமானத்தில் பாதி உன்னால் என்று என் முதல் பக்கத்திலேயே இருக்கிறது," என்றது.

"சந்தோஷம். நான் விழுந்துவிட்டேன், அதையும் எழுதிக்கொள்."

"நிற்கிறாயே."

"கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது."

"அதற்கு என்னிடம் இடம் கிடையாது. நிற்பவை, விழுந்தவை, அவ்வளவுதான்."

"கொஞ்சம் விடேன், விழுந்து காட்டுகிறேன்," என்று வாழை கயிற்றிடம் கெஞ்சியது.

"விருந்தாளி முன்னால் சரிந்தால் சுடலைவடிவுக்குத்தானே அவமானம்?" என்ற கயிறு இன்னும் கொஞ்சம் இறுகியது.

சுடலைவடிவு வந்து நின்றாள். "ஐயா, ஒண்ணு விடாம சாஞ்சிட்டு. ஒரு எட்டு வந்து பாருங்க."

"பார்த்துட்டுதானம்மா இருக்கேன். குலை அருமையா இருக்கு."

"அது நான் கட்டி வச்சதுய்யா."

"நல்லா கட்டியிருக்கீங்க," என்று மனதாரப் பாராட்டிவிட்டு, பதிவேட்டில் 'நிற்பவை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் கிளம்பியது. சுடலைவடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். வாழை தொப்பென்று மண்ணில் விழுந்தது.

பின்சீட்டிலிருந்து பதிவேடு திரும்பிப் பார்த்தது.

"இது ஆய்வு முடிந்த பிறகு விழுந்தது," என்றது.