மயில்சாமி எடுத்த மில்

மயில்சாமி ஒரு உடற்கல்வி ஆசிரியர். பக்கவாதம் வந்து இடது கையை மடக்கிப் போட்ட பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் புகைப்படம் கற்றுக்கொள்ளப் போனார். சொல்லிக்கொடுத்தவள் பர்வீன். ஒரு காலத்தில் அவரிடம் வாலிபால் பழகியவள். இப்போது சிங்காநல்லூரில் படம் கழுவும் இருட்டறை வைத்து, கருப்பு வெள்ளை ஃபிலிமில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளை அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

மூடிக் கிடக்கும் மில்களைத்தான் மயில்சாமி எடுப்பார். துருப்பிடித்த சட்டம், உடைந்த ஜன்னல், சுவரைப் பிளந்து முளைத்த அரசஞ்செடி. பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவருக்கு அது பாராட்டாகவே பட்டது. பர்வீன் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஊருக்குக் கிழக்கே இருந்த நூல் மில்லை இடிக்கப்போவதாகத் தெரிந்தது. மயில்சாமியின் அம்மா வேலை பார்த்த மில் அது. ஷிப்டுக்கு ஊதும் அதன் சங்குச் சத்தத்தில்தான் அவர் வளர்ந்தார். அதை நல்லதாக ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று துடித்தார். இடிப்பதற்கு முந்தின நாள் காலையில் அவரும் பர்வீனும் அனுமதி வாங்கி உள்ளே போனார்கள்.

மயில்சாமி நேராகக் கூரை இடிந்து விழுந்த இடத்துக்குப் போனார். பெரிய ஓட்டை. அதன் வழியே வெயில் தூணாக இறங்கியது. கேமராவை அண்ணாந்து வைத்து எடுத்தார். நகர்த்தி வைத்து மறுபடி எடுத்தார். கண் கலங்கியது.

பிறகு, வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டார்.

“டீச்சர், எத்தனையோ மில்லு எடுத்துட்டேன். ஒண்ணையாவது நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதில்லை. என்னங்க குறை?”

“அப்படியே நில்லுங்க சார். உங்களை ஒரு படம் எடுத்துக்கறேன்.”

மயில்சாமி மகிழ்ந்துபோனார். தலையைக் கோதிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பர்வீன் கேமராவோடு கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே வந்தாள். மண்டியிட்டு, அவருடைய மடங்கிய கைக்கு நேராக லென்ஸை வைத்தாள்.

“என்ன பண்றீங்க?”

“உங்களைத்தான் எடுக்கறேன்.”

“அது கைங்க.”

“வெளிச்சம் அருமையா விழுகுதுங்க சார். விரல் சுருண்டிருக்கறதைப் பார்த்தா எல்லாரும் உருகிப் போயிருவாங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது.

“எந்திரிங்க! ஒரு முழு ஆளு இங்க நிக்கறேன். எத்தனை பிள்ளைகளை மைதானத்துல ஓட வெச்சவன்! இந்தக் கை மட்டுந்தானா உங்க கண்ணுக்குத் தெரியுது?”

அந்தப் பெரிய கூடம் அவர் குரலை வாங்கி அதிர்ந்தது. எங்கோ புறாக்கள் படபடத்தன.

பர்வீன் எழுந்தாள். படம் எடுக்காமலே லென்ஸை மூடினாள். தலையை நிமிர்த்திக் கூரை ஓட்டையைப் பார்த்தாள்.

மயில்சாமியும் பார்த்தார்.

பிறகு அவர் கேமரா மாட்டிய ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டினார். சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க மேட்டில் ஏறி நின்று திரும்பினார்.

முழு மில்லும் தெரிந்தது. வானத்தைத் தொட்ட புகைபோக்கி, வளைவு வளைவாக வரிசை பிடித்த ஜன்னல்கள், வாசல் நெற்றியில் பெரிய எழுத்தில் பெயர். இத்தனை வருஷம் ஆகியும் சுவர் ஒரு விரல்கடை சாயவில்லை.

ஒற்றைக் கையால் ட்ரைபாடை விரித்தார். அதன் திருகாணியை முழங்கையால் அணைத்து முடுக்கினார். பர்வீன் உதவிக்குப் போகவில்லை. மேகம் விலகட்டும் என்று காத்திருந்து, ஒரே முறை அழுத்தினார். ஃபிலிம் மிச்சம் இருந்தது. அதற்கு மேல் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழே, மருந்துத் தட்டில் மிதந்த தாளில் முதலில் புகைபோக்கி எழுந்தது. அப்புறம் ஜன்னல்கள். அப்புறம் வாசல். மயில்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“எங்கம்மா வேலை பார்த்த மில்லுங்க, டீச்சர்” என்றார். முதல்முறை சொல்பவரைப் போல அத்தனை பெருமையாகச் சொன்னார்.

“ஆமாங்க சார். நல்லா இருக்கு.”

அவர் குனிந்து இன்னும் உற்றுப் பார்த்தார். வலது ஓரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. முகம் வாடியது.

“அந்த ஓட்டை இதுலயும் விழுந்திருக்குங்களே?”

பர்வீன் பிரிண்டை எடுத்துத் தண்ணீரில் அலசினாள்.

“இருக்கட்டுங்க சார். அது இந்த மில்லோட கூரைதானே.”