பாதி மீசை

"எம்மவ ஒழுங்காத் தூங்கி பதினோரு நாளாச்சு சாமி."

இசக்கிமுத்து இதைச் சொன்னபோது குருவின் தலையில் சோப்பு நுரை இருந்தது. கத்திக்கு முன்னால் குனிந்திருப்பவர் என்ன பேசிவிட முடியும்?

மலையடிவாரத்து மடத்தில் அது வழக்கம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி காலையில் இசக்கிமுத்து டவுனிலிருந்து பஸ் ஏறி வருவார். குருவுக்குத் தலையை மழித்துவிட்டு, மடத்துக் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்பார். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். குரு அவரைவிட எட்டு வயது இளையவர், முன்பு மின்வாரியத்தில் கம்பம் ஏறிக்கொண்டிருந்தவர். அதனால் இசக்கிமுத்துவின் மரியாதை ஒரு துளியும் குறைந்ததில்லை.

அவர் தொழில் செய்யும் அழகே தனி. முதலில் உள்ளங்கையைப் பிடரியில் வைப்பார்.

"தண்ணி தொடட்டுமா?"

"உம்" என்று வந்த பிறகுதான் தண்ணீர்.

"கத்தி வைக்கட்டுமா?"

"உம்" என்று வந்த பிறகுதான் கத்தி.

அப்பா பழக்கிய முறை. பள்ளிக்கூடத்துப் பையனோ பெரிய அதிகாரியோ, இருபத்தாறு வருடத்தில் கேட்காமல் ஒரு தலையிலும் கை வைத்ததில்லை. 'இசக்கிக்கு நல்ல கை' என்று டவுனே சொல்லும். அவர் சலூனுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தன் மீசையே போதும் என்பார். அது உண்மைதான். அப்படி ஒரு மீசை.

தலையைத் துடைத்துவிட்டதும் குரு கேட்டார்.

"சொல்லும். ஏன் தூங்க மாட்டேங்கா?"

"தெரியலையே சாமி. ரெண்டு கையையும் தலைமேல வச்சுக்கிட்டு முழிச்சே கிடக்கா. கண்ணு அசந்தாலும் திடுக்குனு எந்திரிச்சிருதா."

மகள் செண்பகத்துக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஐந்து வருடமாகிறது. வார்த்தை பேசமாட்டாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த தெருவுக்கே ஓடுவாள். தலையில் சீப்பு பட்டால் தீ பட்டதுபோல அலறுவாள். கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சலூன் வீட்டு முன்னறையில்தான். நடுக்கதவைச் சாத்தி, சந்து வழியாக ஒரு கண்ணால் அப்பா வேலை செய்வதை மணிக்கணக்கில் பார்ப்பாள். அவ்வளவு பக்கம்தான் வருவாள்.

"தலையெல்லாம் சடை புடிச்சு, உள்ள புண்ணு சாமி. சீழ் வைக்குது. டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. ஆனா முடிய ஒட்ட வெட்டி மருந்து தடவணுமாம். நேத்திலருந்து பத்து நாள் தவணை. முடியலைன்னா மயக்க மருந்து குடுத்துத்தான் வெட்டணுங்காரு."

"குடுக்கட்டுமே."

"நாலு வயசுல ஒரு தடவை குடுத்தாங்க. பொறவு ஒரு மாசம் பிள்ளை சோறு திங்கல. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஆகாது சாமி." இசக்கிமுத்து தன் கையை விரித்துக் காட்டினார். "ஊருக்கெல்லாம் வெட்டுத கை. பெத்த பிள்ளைக்கு வெட்ட முடியல."

"இத்தனை நாளும் எப்படி வெட்டினீரு?"

இசக்கிமுத்துவின் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது.

"தூங்கும்போதுதான். எம்பொஞ்சாதி வடிவு டார்ச் புடிப்பா, நான் வெட்டிருவேன். முடி, நகம், காதுக்கு மருந்து எல்லாமே அப்படித்தான். ரெண்டு வருசமா ஒரு கீறல் கிடையாது. இந்த நாலு மாசமாத்தான் கத்தரி பட்டதுமே முழிச்சிருதா. அதான் சாமி, ஒரு கயிறு மந்திரிச்சுக் குடுங்க. ஒரே ஒரு நாள் நல்லாத் தூங்குனா போதும், வேலைய முடிச்சிருவேன்."

குரு அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தார்.

"நீரு தூங்கி எத்தனை நாளாச்சு?"

"எனக்கு என்ன சாமி, அதே பதினோரு நாள்தான்."

"அந்தக் கூடத்துல பாய் கிடக்கு. போய்ப் படும்."

"கயிறு?"

"படும்வே."

இசக்கிமுத்து படுத்தார். கஞ்சி வயிற்றில் இருந்தது, மலைக்காற்று சன்னலில் இருந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

மேலுதட்டில் ஒரு பக்கம் மட்டும் காற்று சில்லென்று பட்டது. கையை வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். எழுந்து ஓடிப் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சன்னலில் சாய்த்து வைத்தார்.

இடது பக்கத்து மீசையைக் காணோம்.

"எவம்ல அது!"

மடத்துப் புறாக்கள் மொத்தமும் பறந்தன.

குரு தூணோரம் உட்கார்ந்து, இசக்கிமுத்துவின் கத்தியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்."

"சாமி!"

"வலிச்சுதா?"

"வலிக்கல!"

"ரத்தம் வந்துதா?"

"இல்ல!"

"கீறல்?"

இசக்கிமுத்து கண்ணாடியில் பார்த்தார். கோபத்திலும் தொழில்காரன் கண் பொய் சொல்லவில்லை.

"இல்ல. சுத்தமாத்தான் எடுத்திருக்கீக."

"பன்னெண்டு வருசமா உம்ம கையைப் பார்க்கேன். பொறவு என்னத்துக்குக் கத்துதீரு?"

"என்னத்துக்கா? இருபது வருசத்து மீசை சாமி! தூங்குத மனுசன் மூஞ்சில கேக்காம கொள்ளாம..."

மழித்த பக்கத்தை விரலால் குத்திக் காட்டினார்.

குரு கத்தியை மடக்காமல் எழுந்தார்.

"இன்னும் பாதி இருக்கு. பஸ்ஸுக்கு நேரமும் இருக்கு. திரும்பப் படுக்கீரா?"

இசக்கிமுத்துவின் இரண்டு கைகளும் தாமாகவே எழுந்தன. மிச்சமிருந்த மீசையை அழுந்தப் பொத்திக்கொண்டன.

பொத்திய கைகளைக் கண்ணாடியில் பார்த்தார். அந்தக் கைகளை அவருக்குத் தெரியும். பதினோரு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்பது வயதுத் தலையின் மேல்.

"ஐயோ, எம்மவளே!" என்று தரையில் உட்கார்ந்து அழுதார்.

குரு கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்தார்.

"கடைசி பஸ் அஞ்சரைக்கு" என்றார்.

மறுபாதியையும் மழித்துவிட்டே போயிருக்கலாம். இசக்கிமுத்து மழிக்கவில்லை. பாதி மீசையோடு பஸ் ஏறினார்.

"என்னண்ணே, மீதிய மறந்து வச்சுட்டு வந்துட்டீரோ?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. இசக்கிமுத்துவும் சேர்ந்து சிரித்துக்கொண்டார்.

வீட்டில் வடிவு கையிலிருந்த செம்பைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

செண்பகம் மெல்ல வந்தாள். யார் முகத்தையும் நேராகப் பார்க்காத பிள்ளை, அப்பாவின் உதட்டைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி மழமழப்பான பக்கத்தைத் தொட்டாள். பிறகு சொரசொரப்பான பக்கத்தை. மறுபடியும் மழமழப்பு. மறுபடியும் சொரசொரப்பு.

இசக்கிமுத்து அசையாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"செம்பகம், அப்பா தப்புப் பண்ணிட்டேன் தாயி. இனிமே நீ தூங்கும்போது தொடமாட்டேன்."

அவளுக்குப் புரிந்ததா என்று யார் சொல்ல முடியும்? அவர் அவள் பார்க்கும்படி வீட்டுக் கத்தரிக்கோலையும் நகவெட்டியையும் காது மருந்துப் புட்டியையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். மருந்து விடும் நேரத்திலும் அவள்தான் திறக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

அவள் சாவியை மோந்து பார்த்தாள். நக்கிப் பார்த்தாள். பிறகு விடவே இல்லை.

நான்காம் நாள் மத்தியானம், சோறு தின்ற கையோடு, சுவரோரம் சுருண்டு செண்பகம் தூங்கிவிட்டாள். வாய் பிளந்த, அசைவில்லாத தூக்கம்.

வடிவு பூனை நடை நடந்து முன்னறைக்கு வந்தாள்.

"என்னங்க! நல்லா உறங்கிட்டா. இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. சலூன் கத்தரிய எடுத்துட்டு வாங்க."

இசக்கிமுத்து போய்ப் பார்த்தார். சடை விழுந்த தலை. காதோரம் சீழ். டாக்டர் சொன்னதில் இன்னும் ஆறு நாள். பத்து நிமிட வேலை, அவர் கைக்கு ஐந்தே போதும். கை பரபரத்தது.

செண்பகத்தின் இரண்டு கைகளும் தலைமேல் இல்லை. ஒன்று வயிற்றின்மேல் கிடந்தது. இன்னொன்றில் சாவி.

"வேண்டாம்" என்றார்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? அந்த மயக்க மருந்து..."

"சாவி அவகிட்ட இருக்கு வடிவு."

வடிவு அழுதாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிள்ளையின் புண்ணைத் தினமும் பார்ப்பவள் அவள்தான். இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் தூங்குவதைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். மூன்று மணி நேரம் தூங்கினாள்.

மறுநாளும் தூங்கினாள்.

ஆறாம் நாள் காலை, தகரப் பெட்டி தரையில் உராயும் சத்தம் கேட்டது. செண்பகம் அதை இழுத்துக்கொண்டு வந்தாள். தானே திறந்தாள். கத்தரிக்கோலை இரண்டு விரலால் தூக்கி அப்பாவின் மடியில் போட்டுவிட்டு, அவர் மிச்ச மீசையைக் காட்டினாள்.

"இதையா? வெட்டணுமா?"

பிள்ளையின் விரல் அசையவில்லை.

இருபது வருடத்து மீசை. இசக்கிமுத்து மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு நறுக்கு வெட்டினார்.

செண்பகம் உள்ளங்கையை நீட்டிக் கத்தரிக்கோலுக்குக் குறுக்கே வைத்தாள். அவர் நிறுத்தினார்.

கையை எடுத்தாள். வெட்டினார். கையை வைத்தாள். நிறுத்தினார்.

இப்படியே இருபது தடவை நடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் கத்தரியைப் பார்க்கவில்லை, அப்பா நிறுத்துகிறாரா என்றுதான் பார்த்தாள். மீசை முழுக்கப் போனபோது, அவள் கத்தரியின் சத்தத்துக்குக் காதைப் பொத்தவில்லை என்பது வடிவுக்குத்தான் முதலில் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகம் எழுந்தாள். நேராக முன்னறைக்குப் போனாள், பிறந்ததிலிருந்து உட்காராத அந்தச் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவின் கையை இழுத்து, அதன் உள்ளங்கையைத் தன் பிடரியில் வைத்துக்கொண்டாள்.

காத்திருந்தாள்.

இசக்கிமுத்துவுக்கு இருபத்தாறு வருடமாகச் சொன்ன வார்த்தையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"கத்தி... கத்தரி வைக்கட்டுமா தாயி?"

ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் கை அந்தரத்திலேயே நின்றது.

"உம்" என்றாள் செண்பகம்.

அன்றைக்கு மூன்று நறுக்கு, பிறகு உள்ளங்கை குறுக்கே வந்தது. நிறுத்தினார். மறுநாள் ஏழு. அதற்கு மறுநாள் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஒன்பதாம் நாள் சாயங்காலம் கடைசிச் சடை தரையில் விழுந்தது. மருந்து தடவும்போதும் கேட்டார். அதற்கும் "உம்" வந்தது.

பத்தாம் நாள் டாக்டர் அந்த ஒட்ட வெட்டிய தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புண் காயத் தொடங்கியிருந்தது.

"பரவாயில்லையே! எத்தனை பேர் பிடிச்சீங்க?"

"யாரும் பிடிக்கல சார்" என்றார் இசக்கிமுத்து. சொல்லும்போது அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் நிமிர்ந்தது. மீசை இருந்திருந்தால் முறுக்கியிருப்பார்.

அடுத்த பௌர்ணமிக்குச் செண்பகமும் மடத்துக்கு வந்தாள். புறாக்களை ஒரு சுற்று துரத்திவிட்டு, கழுத்தில் சாவிக் கயிறு ஆட, குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தூங்குதாளா?" என்றார் குரு.

"குறட்டை விடுதா சாமி!"

இசக்கிமுத்து உள்ளங்கையைக் குருவின் பிடரியில் வைத்தார். கேட்டார். "உம்" வந்தது. தண்ணீர், நுரை, கத்தி. இடது பக்கம் பளபளவென்று முடிந்தது. வலது பக்கத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனார்.

ஒரு சின்ன உள்ளங்கை குறுக்கே வந்து நின்றது.

இசக்கிமுத்து நிறுத்தினார். செண்பகம் கையை எடுப்பாள் என்று பார்த்தார். அவள் எடுக்கவில்லை. அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, சாமி தலைம்மா. சாயங்காலப் பூசைக்கு ஊரே வரும். பாதித் தலையோட எப்படி..."

உள்ளங்கை அசையவில்லை.

குரு துண்டை எடுத்து நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாதித் தலையோட எப்படி சாமி உட்காருவீக?"

"நீரு பாதி மீசையோட பஸ்ல போகலையா?"