பூஜ்யத்துக்கு ஒரு சாட்சி

விரல் போனதும் நஞ்சப்பனுக்குத்தான், பழி வந்ததும் அவர்மேல்தான்.

அந்தப் பம்பு சோதனைக்கூடத்தில், கம்ப்யூட்டருக்குள் செருகிய கார்டு எத்தனை வோல்ட் கொடுக்கிறதோ அத்தனை வேகத்தில் மோட்டார் ஓடும். கார்டைப் பொருத்தியவர் மேலாளர் சுகவனம். மோட்டாரை நிறுத்தப் பூஜ்யம் அனுப்பினார்கள். நின்றிருக்கும் என்று, வயர் இணைக்கும் தொழிலாளி நஞ்சப்பன் கை வைத்தார். அது எதிர்த்திசையில் சுழன்றது.

"பூஜ்யம்னா பூஜ்யம்தான். அந்த ஆள் வயரை மாத்திக் கொடுத்திருக்கான்" என்ற சுகவனம், நஞ்சப்பனை வேலையைவிட்டு நீக்கும் அறிக்கையை டெக்னீஷியன் தெய்வானையிடம் நீட்டினார். "சாட்சிக் கையெழுத்துப் போடு."

"போடறேனுங்க சார். இப்ப வயரெல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. நீங்க மோட்டார் தண்டுமேல கை வெச்சுக்கோங்க, நான் பூஜ்யம் அனுப்பறேன்."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. சுகவனத்தின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"பூஜ்யம்தானுங்களே சார்?"

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தெய்வானை பூஜ்யத்தை அனுப்பிவிட்டுத் தன் கையைத் தண்டின்மேல் வைத்தாள். தண்டு அசையவில்லை.

"கார்டுல வோல்ட் அளவைத் தீர்மானிக்கிற ஜம்பர் செருகியை மைனஸ் பத்துல இருந்து பிளஸ் பத்து வரைக்கும்னு வெச்சிருந்தீங்க. கம்ப்யூட்டர் அனுப்பற பூஜ்யம்னா கார்டுக்கு அந்த அளவோட அடிமட்டம்னு அர்த்தம்; அதனால பூஜ்யம் அனுப்பினா மைனஸ் பத்து வோல்ட் வரும். மோட்டார் முழு வேகத்துல பின்னால சுத்தும். காலையிலதான் அதைப் பூஜ்யத்துல இருந்து பத்துன்னு மாத்தி வெச்சேன்."

அறிக்கையை அவர் பக்கமே தள்ளினாள்.

"உங்க பூஜ்யத்தை நீங்களே நம்பலைங்க சார். நஞ்சப்பண்ணன் நம்பினாருங்க."