கிழக்கு அறை முள்

“ஊசிமல்லியோட முள்ளு பொய் சொல்லுது, தெரியுமா உனக்கு?”

ஆவாரம்புதருக்கு அந்தப் பக்கம் இரண்டு வயல் எலிகள் பேசிக்கொண்டு போயின. புதருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேர் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள் முள்ளம்பன்றி ஊசிமல்லி. ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்தது.

“பொய்யா?”

“பின்னே? தானிய அறை காய்ஞ்சு கிடக்குதுன்னு சொல்லுச்சு. போய்ப் பார்த்தா அத்தனை கம்பும் முளை விட்டு நிக்குது! எங்க வீட்டுல இப்போ மூணு வேளையும் முளைகட்டின கம்புதான்.”

“உடம்புக்கு நல்லதாமே?”

“உன் தலை!”

எலிகள் போய்விட்டன. ஊசிமல்லிக்கு வாயிலிருந்த வேர் கசந்தது. துப்பினாள்.

அந்தக் குளக்கரை மேட்டுக்கு அடியில் பெரிய வளை ஒன்று இருந்தது. தோண்டியவன் புழுதியாண்டி என்ற பெருச்சாளி. முயல்களும் எலிகளும் அதில் குடியிருந்தன. மழைக்காலம் வந்தால் குளத்து நீர் அறைகளுக்குள் கசியும். கசிந்ததா என்று பார்க்க ஆளாளுக்கு உள்ளே ஓடினால் ஈரமண் சரிந்துவிடும்.

அதற்காக ஊசிமல்லி ஒரு கருவி செய்தாள். தன் உடம்பிலிருந்து உதிரும் நீண்ட முட்களைச் சேர்த்து, ஓர் அறைக்கு ஒரு முள் என்று வைத்தாள். ஒவ்வொரு முள்ளிலும் ஒரு கோடு வெட்டினாள். மேட்டின் மேலே நின்று, அந்தக் கோடு வரை முள்ளை மண்ணில் இறக்கினால் அதன் நுனி அறையின் தரையைத் தொடும். மேல்முனையில் காதை வைக்க வேண்டியதுதான். ‘கும்’ என்றால் நுனியில் ஈரம் இல்லை, காய்ந்த தரை. ‘களக்’ என்றால் தண்ணீர்.

எந்த அறை எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தானே கோடு வெட்ட முடியும்? அதற்காகப் பாறைமேல் களிமண்ணால் அந்த வளையின் நகல் ஒன்றைச் செய்து வைத்திருந்தாள்.

“நகல் எதுக்கு? உள்ளே போய் அளந்துக்க வேண்டியதுதானே?” என்று கேட்டவர்கள் உண்டு. ஒருமுறை போனாள். புழுதியாண்டி பாதி தோண்டி விட்டிருந்த சுவர் அவள் தலைமேல் விழுந்தது. அந்த மழைக்காலம் முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தாள். அவன் தோண்டுகிற வேகத்துக்கு அவள் வேலை ஆட்டம் காணக் கூடாது என்றால் நகல்தான் வழி.

நகலும் வளையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஆள்காட்டிக் குருவியை அவளே அமர்த்தியிருந்தாள். அது விடிந்ததும் நீண்ட மஞ்சள் கால்களால் வளைக்குள் நடந்து போகும். திரும்பி வந்து நகலைப் பார்க்கும். ஏதாவது மாறியிருந்தால் கத்தும். சாதாரணக் கத்தல் இல்லை. குளத்தின் அக்கரையில் தூங்கும் கொக்கு எழுந்து நின்று கும்பிடும் அளவுக்குக் கத்தும்.

முள்ளம்பன்றிகள் இரவெல்லாம் விழித்திருந்து விடிந்த பிறகே தூங்கப் போகும். குருவியை அமர்த்தியபோது ஊசிமல்லி அதை யோசிக்கவில்லை.

எலிகளின் பேச்சைக் கேட்ட கோபத்தோடு அவள் நேரே வளை வாசலுக்குப் போனாள்.

“புழுதியாண்டி அண்ணே! வெளியே வாங்க!”

உள்ளிருந்து முதலில் மண் வந்தது. பிறகு மூக்கு வந்தது.

“என்ன தங்கச்சி?”

“தானிய அறைத் தரையை ஆழமாக்கினீங்களா?”

“ஆமா! ஒரு சாண் இறக்கினேன். எலிங்க இடம் பத்தலைன்னு நச்சரிச்சுதுங்க. எப்படி இருக்கு?”

“எப்படி இருக்கா? என் முள்ளு பழைய ஆழத்துலயே நின்னுடுச்சு அண்ணே! அது காத்துல தொங்குது, கீழே தண்ணி நிக்குது. ஊரே என்னைப் பொய்க்காரிங்குது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

புழுதியாண்டி மீசையைத் தடவிக்கொண்டான். “இதோ பாரு தங்கச்சி. குடியிருக்கறவங்க நடக்கிற வழியை நான் என்னைக்காவது மாத்தியிருக்கேனா? வாசல் இருந்த இடத்துல வாசல் இருக்கு. அது என் சத்தியம். உள்ளே தரை, கூரை, சுவர் எல்லாம் என் இஷ்டம். மேலே நின்னு குத்திப் பாக்கறவங்களைப் பத்தி நான் ஏன் கவலைப்படணும்? நான் தோண்டறதா, தண்டோரா போடறதா?”

மூக்கு உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் மண் வந்தது.

ஊசிமல்லி இரவெல்லாம் உட்கார்ந்து தானிய அறை முள்ளில் புதுக் கோடு வெட்டினாள். முள் இரும்பு மாதிரி. கூழாங்கல்லில் தேய்த்துத் தேய்த்துத்தான் கோடு விழும். முடித்து, நகலையும் திருத்திவிட்டு, கண்ணை மூடினாள்.

“ஒத்துப்போகலை! ஒத்துப்போகலை! மேற்கு அறை ஒத்துப்போகலை!”

“நேத்துதானே எல்லாம் சரியா இருந்துச்சு!”

“நேத்து இருந்துச்சு. இன்னைக்கு மேற்குச் சுவரை உள்தள்ளிட்டாரு. ஒத்துப்போகலை!”

மறுநாள் தெற்கு அறை. அதற்கும் மறுநாள் மறுபடியும் மேற்கு அறை. தள்ளிய சுவரை அவன் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, “பழசுதான் அழகா இருந்துச்சு தங்கச்சி” என்றான்.  ஊசிமல்லியின் முட்கள் சிலிர்த்து நின்றன.

அடுத்த விடியலில் குருவி மறுபடி கத்தியது.

“ஒத்துப்போகலை! கிழக்கு அறைத் தரை ஒரு சாண் இறங்கிடுச்சு! ஒத்துப்போகலை!”

ஊசிமல்லிக்குக் கண் எரிந்தது. பாறைக்குத் தள்ளாடிப் போனாள். முன்னங்காலால் களிமண்ணில் கிழக்கு அறையை ஓர் அழுத்து அழுத்தினாள். குழி ஆழமானது.

குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. “ஒத்துப்போகுது” என்று சொல்லிவிட்டுப் பறந்து போனது.

அவ்வளவுதானா! ஊசிமல்லிக்கு நம்பவே முடியவில்லை. கிழக்கு அறை முள்ளில் கோடு பழைய இடத்திலேயே இருந்தது. எழுந்ததும் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துப் படுத்தாள். எழுந்ததும் பசித்தது. நாளைக்கு வெட்டலாம் என்று நினைத்தாள்.

அதன் பிறகு தினமும் ஓர் அழுத்து, ஒரு தூக்கம். மேடு முழுக்க அமைதி. “குருவியோட தொல்லை விட்டுது! ஊசிமல்லி அக்கா கைராசியே தனி!” என்று எலிகளே புகழ்ந்தன. கோடு வெட்டாத முட்கள் பாறையின் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே போயின.

ஒரு நாள் மதியம் மேகம் கறுத்தது. பூளை என்ற தாய்முயல் ஊசிமல்லியின் பொந்தருகே வந்து நின்றாள். அவள் குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. கிழக்கு அறையில்தான் படுத்திருந்தன.

“அக்கா, மழைக்கு முன்னாடி கொஞ்சம் புல்லு மேய்ஞ்சுட்டு வந்துடறேன். பால் பத்தலை. கிழக்கு அறை முள்ளு சரியா இருக்கில்ல?”

ஊசிமல்லி அரைத்தூக்கத்தில் இருந்தாள். “நகல் ஒத்துப்போகுதுன்னு குருவியே சொல்லிடுச்சே!”

“அது போதும் அக்கா. அறையும் இப்போ நல்ல குளிர்ச்சியா இருக்கு. புழுக்கமா இருக்குன்னு புழுதியாண்டி அண்ணன்கிட்ட நான்தான் சொன்னேன். பாவம், உடனே இறக்கிக் கொடுத்துட்டாரு.”

பூளை போனாள். மழை கொட்டியது. புல்வெளியிலிருந்து அவள் ஓடி வந்து, பாறை மூலையிலிருந்த கிழக்கு அறை முள்ளை எடுத்து மேட்டில் கோடு வரை இறக்கிக் காதை வைத்தாள். ‘கும்’ என்றது. நிம்மதியாகப் புதருக்கடியில் ஒதுங்கினாள். மழை விட்டதும் உள்ளே போகலாம்; இப்போது ஓடினால் மண் சரியும்.

இடிச் சத்தத்தில் ஊசிமல்லி விழித்தாள். நகல் கரைந்துவிடுமே என்று பாறைக்கு ஓடினாள். மற்ற அறைகளில் மழைநீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆழமாக அழுத்திய கிழக்குக் குழியில் மட்டும் நீர் நிரம்பித் தளும்பியது.

அவள் அதையே பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த முட்களைப் பார்த்தாள். 

“பூளை! எந்தக் கோடு வரைக்கும் இறக்கினே?”

“இருக்கிற கோடு வரைக்கும்தான். காய்ஞ்சு கிடக்கு அக்கா. ஏன்?”

ஊசிமல்லி மேட்டுக்கு ஓடினாள். முள்ளைப் பிடித்துக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ளே இறக்கினாள்.

‘களக்.’

பூளை அலறினாள். வளை வாசலுக்குப் பாய்ந்தாள். வழியில் ஈரமண் ஏற்கெனவே சரிந்து அடைத்திருந்தது. வெறும் கால்களால் பறண்டினாள்.

“புழுதியாண்டி அண்ணே! கிழக்கு அறை மூழ்குது! உள்ளே குட்டிங்க!” என்று ஊசிமல்லி கூவினாள்.

புழுதியாண்டி மீசை தடவவில்லை. மேட்டின் தாழ்ந்த சரிவுக்கு ஓடினான். “ஆழத்தைக் காட்டு!” என்று கத்தினான். ஊசிமல்லி மேலிருந்து முள்ளை இறக்கி, இவ்வளவு என்று காலால் காட்டினாள். அவன் பக்கவாட்டில் தோண்டினான். அவன் அவ்வளவு வேகமாகத் தோண்டி யாரும் பார்த்ததில்லை. மண் பிளந்தது. சேறும் தண்ணீரும் பீறிட்டன. நனைந்த பஞ்சுச் சுருள்கள் போல முயல்குட்டிகள் சரிவில் உருண்டு வந்து விழுந்தன.

எல்லாம் தும்மின. கடைசிக் குட்டி மட்டும் தும்மவில்லை. பூளை அதை நக்கினாள். நக்கிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அது ஒரு முறை கால் உதைத்தது. பிறகு கீச்சென்றது.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் வாய் வந்தது.

“நகலை அழுத்தினவ கோட்டை ஏன் வெட்டலை?” என்றான் புழுதியாண்டி.

“தரையை இறக்கினவரு ஏன் சொல்லலை?” என்றாள் ஊசிமல்லி.

“சொல்லத்தான் குருவி இருக்கே!”

“என்னை இழுக்காதீங்க!” என்று குருவி கத்தியது. “வளையையும் நகலையும் பாக்கறதுதான் என் வேலை. ரெண்டும் ஒத்துப்போச்சு. முள்ளைப் பாருன்னு யாரு சொன்னா?”

“நீ கத்தற கத்தல் தாங்காமதானே நான் அழுத்தினேன்!”

“கத்தச் சொன்னது நீதானே!”

“நிறுத்துங்க!” என்றாள் பூளை. சத்தம் போட்டே அறியாதவள் அவள். 

“ஆளாளுக்கு உங்க வேலை முடிஞ்சுதுன்னு சொல்றீங்க. அப்போ என் குட்டிங்க ஏன் தண்ணிக்குள்ளே கிடந்துச்சுங்க? அடியில ஒண்ணை மாத்தினா, அதை நம்பி மேலே இருக்கிற கடைசிப் பொருளையும் மாத்தி முடிக்கிற வரைக்கும் எந்த வேலையும் முடியலை!”

 புழுதியாண்டி மண்ணைப் பார்த்தான். ஊசிமல்லி பாறையைப் பார்த்தாள். பூளை குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு காய்ந்த இடம் தேடிப் போனாள்.

மழை ஓய்ந்த மறுநாள், விடியும் நேரம். ஊசிமல்லி அப்போதுதான் கண் அயர்ந்தாள்.

“தங்கச்சி!” வளைக்குள்ளிருந்து புழுதியாண்டியின் குரல் வந்தது. “வடக்கு அறையைக் கொஞ்சம் இறக்கப் போறேன்! சொல்லலைன்னு சொல்லாதே!”

“எப்போ அண்ணே?”

“பாதி இறக்கிட்டேன்!”

கூடவே குருவியும் ஆரம்பித்தது. “ஒத்துப்போகலை! வடக்கு அறை ஒத்துப்போகலை! ஒத்துப்போகலை!”

“ஐயோ, அந்த வாயை அடை அக்கா!” என்று வளைக்குள்ளிருந்து ஓர் எலி கெஞ்சியது. “நகலை ஒரு அழுத்து அழுத்திட்டா போதுமே!”

ஊசிமல்லி வாய்க்குள் திட்டிக்கொண்டே எழுந்தாள். கண்ணைக் கசக்கினாள். பாறைக்குப் போனவள் களிமண்ணைத் தொடவில்லை. வடக்கு அறை முள்ளை எடுத்து மடியில் வைத்தாள். கூழாங்கல்லை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். வெயில் ஏறியது. குருவி காதருகே நின்று கத்தியது, எலிகள் கத்தின, அக்கரைக் கொக்கும் கத்தியது. அவள் கோட்டை வெட்டி முடித்தாள். முள்ளை இறக்கி, நுனி தரையைத் தொடுகிறதா என்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் களிமண்ணில் கால் வைத்து அழுத்தினாள்.