மணல்திட்டில் முடிந்த சண்டை

வடகரையில் நீர்நாய்கள் இருந்தன. தென்கரையில் கூழைக்கடாப் பறவைகள் இருந்தன. நடுவே ஒரு சின்னக் கடல். அந்தக் கடலின் மணல்திட்டில் செவ்வலகி என்ற ஆலாப் பறவை கூடு வைத்திருந்தது.

திட்டைச் சுற்றிக் கடல்புல் மண்டிக் கிடந்தது. மீன்கள் முட்டையிட அங்கேதான் வரும். அந்த வருடம் இரு கரைக் கூட்டங்களும் போட்டி போட்டுக்கொண்டு சினைமீன்களை அள்ளித் தின்றன. கடல் காலியாகிக்கொண்டே வந்தது. நாளெல்லாம் பறந்தும் செவ்வலகிக்கு ஒரு நெத்திலிகூட அகப்படவில்லை. கூட்டில் குஞ்சுகள் பசியில் கத்தின.

செவ்வலகி விர்ரென்று வடகரைக்குப் பறந்தது.

"சினைமீனைத் தின்றால் நாளைக்கு மீன் ஏது? நிறுத்துங்கள்!"

நீர்நாய்த் தலைவன் வழுக்கன் மீசையைத் துடைத்துக்கொண்டது. "நாங்கள் நிறுத்தினால் கூழைக்கடாக்கள் வழித்துத் தின்றுவிடும்! முதலில் அவை நிறுத்தட்டும்!"

செவ்வலகி அங்கிருந்து தென்கரைக்குப் பறந்தது. கூழைக்கடாத் தலைவன் பைவாயனும் அதையே சொன்னது. "நாங்கள் விட்டுவைத்தால் நீர்நாய்களுக்குத்தான் விருந்து!"

'அட, இரண்டுக்கும் ஒரே பயம்!' என்று செவ்வலகிக்குப் பொறி தட்டியது. கெஞ்சிக் கூத்தாடி இரண்டு தலைவர்களையும் மணல்திட்டுக்கு வரவழைத்தது.

"நீ முதலில் நிறுத்து!" என்றது வழுக்கன்.

"ஏன், நீ நிறுத்தேன்!" என்றது பைவாயன்.

செவ்வலகி இடையில் பாய்ந்தது. "யாரும் முதலில் நிறுத்த வேண்டாம்! நாளை விடியலில் இருவரும் சேர்ந்தே நிறுத்துங்கள்! மீன்குஞ்சுகள் பொரித்து வெளியேறும்வரை கடல்புல் பக்கமே வரக் கூடாது. அதுவரை கழிமுகத்து நண்டுகள் போதும்!"

"இவன் ஏமாற்றினால்?" என்றன இரண்டும் ஒரே குரலில்.

"உன் ஆள் அவன் கரையில் காவல் இருக்கட்டும். அவன் ஆள் உன் கரையில்!"

இரண்டும் முறைத்துக்கொண்டே தலையாட்டின.

சில நாள்தான் போயிருக்கும். "கள்ளன்! கள்ளன்!" என்று தென்கரையிலிருந்து காவல் நீர்நாய் அலறியது. பைவாயனின் சொந்தத் தம்பி, தாடைப் பை புடைக்க நின்றுகொண்டிருந்தது! நீர்நாய்கள் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தன. 'போச்சு! எல்லாம் போச்சு!' என்று செவ்வலகி தென்கரைக்கு விரைந்தது.

பைவாயன் பாய்ந்து வந்தது. "வாயைத் திற!"

"அண்ணே, பசிக்குது..."

"திறடா!"

பை திறந்தது. சினைமீன்கள் உயிரோடு துள்ளிக் கடலில் விழுந்தன!

கூட்டத்தோடு நீந்தி வந்த வழுக்கன் அசந்து போனது. "சொந்தத் தம்பியைக்கூட விடவில்லையே!"

"வாக்குக் கொடுத்தது நான்தானே!" என்றது பைவாயன்.

நீர்நாய்கள் வடகரைக்குத் திரும்பிப் போயின. அதன்பின் எந்தக் கரையிலும் யாருக்கும் திருடத் துணிவு வரவில்லை.

பருவம் முடிந்ததும் கடல்புல்லுக்குள்ளிருந்து மீன் கூட்டம் கிளம்பியதே, பார்க்க வேண்டும்! கடலே வெள்ளியாய்க் கொதித்தது! நீர்நாய்கள் கும்மாளமிட்டன. கூழைக்கடாக்கள் சிறகடித்தன. செவ்வலகியின் குஞ்சுகளுக்கும் நெத்திலி கிடைத்தது. எல்லாரும் வயிறாரத் தின்றும் மீன் குறையவில்லை.

பொதுக் கடலை ஒரு கரை தனியாகக் காக்க முடியாது; எல்லாக் கரைகளும் ஒன்றாக வாக்குக் கொடுத்து, தம்மவர் தவறினாலும் அதைக் காத்தால்தான் கடல் பிழைக்கும்.